கொலாஜன் பெப்டைட் பவுடர் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு: டப்பா வாங்குறதுக்கு முன்னாடியிலிருந்து 12வது வாரம் வரைக்கும்

மெடிக்கல் கவுன்டர்ல நிக்கிற எனக்கு இப்பல்லாம் அடிக்கடி வர்ற கேள்வி, "அண்ணா, அந்த பெப்டைட் பவுடர் இருக்கா?" எந்த பெப்டைட்னு திருப்பிக் கேட்டா ஃபோன எடுத்து ஒரு ரீல் காட்டுறாங்க. அதுல கொலாஜன் (தோல், எலும்பு, மூட்டுல இருக்கிற ஒரு புரோட்டீன்) டப்பாவும் இருக்கும், ஊசி குப்பியும் இருக்கும், முகத்துல தடவுற சீரமும் இருக்கும், எல்லாத்துக்கும் ஒரே பேரு.

புதுசா வர்றவங்க தடுக்கி விழுறது பெரும்பாலும் சாப்பிடுற முறையில இல்ல, சாப்பிடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியத விட்டுட்டு நேரா டப்பாவ உடைக்கிறதுல தான். அதனால கீழ இருக்கிறதுல பாதிக்கு மேல டப்பா கைக்கு வர்றதுக்கு முந்தின வேலை. வரிசைய மாத்தாதீங்க, ஒவ்வொண்ணும் அடுத்ததுக்குத் தேவைப்படும்.

1. முதல்ல எந்த பெப்டைட்னு பிரிச்சுக்கோங்க

அமினோ ஆசிட்கள் சங்கிலியா கோத்து நின்னா பெப்டைட், அந்தச் சங்கிலி ரொம்ப நீளமா போனா புரோட்டீன். அவ்ளோதான். இன்சுலின் கூட ஒரு பெப்டைட் தான், எடை குறைய டாக்டர் எழுதிக் குடுக்குற செமாக்ளூடைடும் பெப்டைட் தான். அதனால "பெப்டைட் நல்லதா கெட்டதா"ங்கிற கேள்விக்கு பதிலே கிடையாது, எதுனு சொன்னா தான் பேச முடியும்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது மூணு கூட்டம். ஒண்ணு, வாய் வழியா சாப்பிடுற பவுடர், இதுல 90 சதவீதம் பேர் கேக்குறது கொலாஜன் பெப்டைட் தான்னு என் அனுபவம். ரெண்டாவது, டாக்டர் சீட்டு இருந்தா மட்டும் வாங்க வேண்டிய மருந்து. மூணாவது, ஜிம்ல காதோட காதா சொல்லுற குப்பி சமாச்சாரம், பி.பி.சி-157, டி.பி-500, சி.ஜே.சி-1295னு நம்பர் போட்டு வரும், லேபிள்லயே ஆராய்ச்சிக்கு மட்டும், மனுஷங்க பயன்படுத்த இல்லனு எழுதியிருக்கும்.

இந்த மூணாவது கூட்டத்துக்கு இங்க வழிகாட்டி கிடையாது. பி.பி.சி-157க்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ அனுமதி இல்ல, மனுஷங்க மேல ஒழுங்கா செஞ்ச ஆராய்ச்சியும் ரொம்பக் கம்மி, 2022ல இருந்து உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட தடைப் பட்டியல்லயும் இருக்கு. மாவட்ட அளவுலயோ மாநில அளவுலயோ போட்டிக்குப் போற பசங்க யாராவது இத படிச்சா இந்தப் பத்திய மட்டும் ரெண்டு தடவ படிங்க. குப்பிக்குள்ள என்ன இருக்கு, கிருமி இல்லாம தயாரிச்சதானு உங்களுக்கும் தெரியாது, விக்கிறவனுக்கும் தெரியாது.

இனிமே சொல்றது எல்லாம் வாய் வழி கொலாஜன் பெப்டைட் பத்தி மட்டும்.

2. காரணம் ஒண்ணே ஒண்ணு எழுதுங்க

ஒரு பேப்பர்ல எழுதுங்க, எதுக்காக இத வாங்குறீங்கனு. தோல், மூட்டு, முடி, நகம், தசைனு அஞ்சையும் எழுதினா பேப்பர கிழிச்சுட்டு மறுபடி எழுதுங்க. ஏன்னா அளவும் மாறும், எத்தனை மாசம் பாக்கணும்ங்கிறதும் மாறும், கடைசியில வேலை செஞ்சுதானு எத வெச்சு முடிவு பண்ணுவீங்கங்கிறதும் மாறும்.

தோலுக்குனா: ஆராய்ச்சிகள்ல தினமும் 2.5 கிராம்ல இருந்து 10 கிராம் வரைக்கும் குடுத்து 8ல இருந்து 12 வாரம் பாத்திருக்காங்க, தோலோட ஈரப்பதமும் இழுத்துவிட்டா திரும்புற தன்மையும் கொஞ்சம் கூடுச்சுனு நிறைய பேப்பர் இருக்கு. ஆனா 2025ல 23 ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்துப் பாத்து வந்த ஒரு பேப்பர்ல, கம்பெனி காசு வாங்காம நடந்த ஆராய்ச்சிகள மட்டும் தனியா எடுத்தா பலன் எதுவும் தெரியலனு சொல்லியிருக்காங்க. இத தெரிஞ்சுக்கிட்டே வாங்குறது வேற, தெரியாம வாங்குறது வேற.

மூட்டுக்குனா: சுமார் 10 கிராம், மூணுல இருந்து ஆறு மாசம். முட்டி தேய்மானத்துல வலி கொஞ்சம் குறையலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது, தேஞ்ச ஜவ்வு திரும்ப வளரும்னு எதுவும் சொல்லல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2011ல "மூட்டுக்கு நல்லது"ங்கிற விளம்பர வாசகத்துக்கே ஆதாரம் போதாதுனு சொல்லிருச்சு.

தசை வளரனும்னா இத வாங்கவே வாங்காதீங்க. கொலாஜன்ல டிரிப்டோஃபேன்ங்கிற அமினோ ஆசிட் சுத்தமா இல்ல, தசைக்கு முக்கியமான லியூசினும் பால்ல இருந்து எடுக்குற வே புரோட்டீன்ல இருக்கிறதுல மூணுல ஒரு பங்கு கூட தேறாது. வே வாங்குற காசுக்கு கொலாஜன் வாங்கிட்டு "நானும் புரோட்டீன் எடுக்குறேன்"னு சொல்ற தம்பிங்கள ஜிம் பக்கம் நிறைய பாக்கலாம்.

முடிக்கும் நகத்துக்கும் ஆதாரம் இன்னும் மெலிசு. முடி கொட்டுதுனா முதல்ல ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இருக்கிற இரும்புச்சத்து சேமிப்பு), தைராய்டு டெஸ்ட் எடுங்க, டப்பாவுக்குப் போடுற காசுல அது மூணும் முடிஞ்சிரும்.

தோல் கலர் மாறும்னு யாராவது சொன்னா, அது கொலாஜன் செய்யிற வேலையே இல்ல.

3. நீங்க ஆரம்பிக்கலாமானு பாருங்க

வாங்கிட்டு அப்புறம் கேக்குறவங்க தான் ஜாஸ்தி, அதனால இத மூணாவதாவே வெச்சிருக்கேன்.

கிட்னில கல்லு வந்த ஆளுங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க. கொலாஜன்ல ஹைட்ராக்ஸிபுரோலின்னு ஒண்ணு நிறைய இருக்கு, அது உடம்புல உடையும்போது கொஞ்சம் ஆக்சலேட்டா மாறி யூரின்ல போகும், நம்மூர்ல வர்ற கல்லுல பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட் கல்லு தான். இத எந்த டப்பாலயும் பெருசா போட மாட்டாங்க.

கிட்னி ஃபங்ஷன் குறைஞ்சு புரோட்டீன அளவா சாப்பிடச் சொல்லியிருந்தா, 10 கிராம் பவுடர்ல சுமார் 9 கிராம் புரோட்டீன் இருக்கு, அது உங்க கணக்குல ஏறும். மீன் அலர்ஜி இருந்தா மரைன் கொலாஜன் கிட்டயே போகாதீங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்குறவங்களுக்கு இது பாதுகாப்புனு சொல்ற அளவுக்கு தகவல் இல்ல, பிரசவம் பாக்குற டாக்டர் சரினு சொன்னா தவிர வேண்டாம். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க வெறும் கொலாஜனுக்காக இல்லாட்டியும், அதோட கலந்து வர்ற விட்டமின் கே மாதிரி சமாச்சாரத்துக்காக லேபிள டாக்டர்கிட்ட காட்டணும்.

பதினெட்டு வயசுக்கு கீழனா தேவையே இல்ல, அந்தக் காசுக்கு சன்ஸ்கிரீன் வாங்கிக் குடுங்க.

4. சாப்பாட்ட முதல்ல நேர் பண்ணுங்க

இத எல்லாரும் தாண்டிப் போவாங்க. தாண்டாதீங்க, காரணம் சொல்றேன்.

நீங்க குடிக்கிற கொலாஜன் நேரா முகத்துக்கோ முட்டிக்கோ போய் ஒட்டிக்காது. வயித்துலயும் குடல்லயும் உடைஞ்சு அமினோ ஆசிடாவும் ரெண்டு மூணு சேந்த குட்டி பெப்டைடாவும் ரத்தத்துக்குப் போகும். அங்க இருந்து உடம்பு தனக்கு எது அவசரமோ அதுக்கு எடுத்துக்கும். தினசரி புரோட்டீனே பத்தலனா உடம்பு இதையும் அந்தப் பள்ளத்த நிரப்பத் தான் எடுக்கும், உங்க கன்னத்துக்கு மிச்சம் வைக்காது.

ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன், அதாவது 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். காலைல இட்லி, மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தோசைனு போற வீட்டுல இது தானா வந்துராது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், பன்னீர், ஏதோ ஒண்ண ஒவ்வொரு வேளையிலயும் சேத்து ஒரு ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க.

அடுத்தது விட்டமின் சி. உடம்பு தானே கொலாஜன் கட்டும்போது அந்த இழைகள உறுதியாக்குற என்சைமுக்கு விட்டமின் சி இல்லாம வேலையே ஓடாது. அது பத்தாமப் போனா தான் ஸ்கர்வி வந்து ஈறுல ரத்தம் வருது. அதுக்காக ஆயிரம் மில்லிகிராம் மாத்திரை எல்லாம் தேவையில்ல, நாளைக்கு 80 மில்லிகிராம் போதும், ஒரு கொய்யா சாப்பிட்டா அதுக்கு மேலயே வந்துரும், நெல்லிக்காயும் அப்படித்தான்.

தோலுக்காக ஆரம்பிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. ஆஸ்திரேலியால நம்பூர்ங்கிற ஊர்ல 900 சொச்சம் பேர வெச்சு நாலரை வருஷம் பாத்ததுல தினமும் சன்ஸ்கிரீன் போட்டவங்களுக்கு தோல் முதிர்ச்சி குறைவா இருந்துச்சுனு 2013ல வெளியாச்சு. மத்தியான வெயில்ல வண்டி ஓட்டிட்டு, சிகரெட்டும் பிடிச்சுட்டு, ராத்திரி கொலாஜன் கலக்கிக் குடிக்கிறது ஓட்டைப் பானையில தண்ணி பிடிக்கிற கதை தான்.

5. எதுல இருந்து எடுத்ததுனு முடிவு பண்ணுங்க

மீன் தோல், செதில்ல இருந்து எடுத்தா மரைன். மாட்டுத் தோல், எலும்புல இருந்து எடுத்தா போவைன். பன்னித் தோல்ல இருந்து எடுத்தா போர்சைன். கோழில இருந்தும் வரும். மாடு வேண்டாம், பன்னி வேண்டாம், ஹலால் வேணும்னு வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு இருக்கும், அத இப்பவே முடிவு பண்ணிட்டா கடையில குழம்ப வேண்டாம். மரைன் தான் உசத்தினு விலைய ஏத்தி விப்பாங்க, அந்த அளவுக்கு வித்தியாசத்துக்கு நல்ல ஆதாரம் கிடையாது.

சைவம் சாப்பிடுறவங்களுக்கு ஒரு விஷயம் நேரா சொல்லிடுறேன்: செடில கொலாஜன் கிடையாது. வீகன் கொலாஜன், கொலாஜன் பில்டர்னு வர்றதுல பெரும்பாலும் இருக்கிறது விட்டமின் சி, மூங்கில்ல இருந்து எடுத்த சிலிக்கா, பயோட்டினுக்காக (இது ஒரு பி விட்டமின்) அகத்தி சாறு, கொஞ்சம் அமினோ ஆசிட். அது வேற பொருள், இந்த வழிகாட்டில இருக்கிற கிராம் கணக்கு எதுவும் அதுக்குப் பொருந்தாது. பிங்க் டப்பால ரோஜாப்பூ படம் போட்டிருக்குனு சைவம்னு நினைச்சு வாங்கிட்டுப் போயி, மாமியார் பின்பக்கம் படிச்சுட்டு திருப்பி அனுப்பின டப்பாவ நான் கவுன்டர்ல வாங்கியிருக்கேன். பச்சை வட்டம்னா சைவம், பிரவுன் முக்கோணம்னா அசைவம், பூவ பாக்காதீங்க இத பாருங்க. கேப்சூலா வாங்குனா அந்தக் கூடே ஜெலட்டினா இருக்கலாம்.

6. லேபிள்ல முன்பக்கத்த விடுங்க, பின்பக்கத்த படிங்க

இங்க தான் ரொம்ப நேரம் செலவு பண்ணணும். டப்பாவ கையில எடுத்து, இல்லனா ஆன்லைன்ல பின்பக்க போட்டோவ பெருசாக்கி, இந்த வரிசையில பாருங்க.

முதல்ல ஒரு சர்விங்ல கொலாஜன் எத்தனை கிராம். சர்விங் எத்தனை கிராம்ங்கிறது வேற, அதுல கொலாஜன் எத்தனைங்கிறது வேற. முன்பக்கம் "12 கிராம் சர்விங்"னு பெருசா இருக்கும், பின்னாடி போனா கொலாஜன் 7 கிராம், மிச்சம் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துல இருந்து செஞ்ச பவுடர்), ஆரஞ்சு ஃபிளேவர், இனிப்பு. சுகர் இருக்கிறவங்க அந்த மிச்சத்த தான் முக்கியமா பாக்கணும்.

கொலாஜன் எவ்ளோனு தனியா போடாம "புரொப்ரைட்டரி பிளெண்ட்"னு மொத்தமா ஒரு நம்பர் போட்டிருந்தா வெச்சுட்டு வந்துருங்க.

சந்தேகமா இருந்தா ஒரு சின்ன குறுக்கு வழி: ஊட்டச்சத்து அட்டவணைல 100 கிராமுக்கு புரோட்டீன் எவ்ளோனு பாருங்க. கலப்பில்லாத கொலாஜன் பெப்டைட்னா 90 கிராம் பக்கத்துல இருக்கும். 60னு இருந்தா மீதி 40 கிராம் நீங்க கேக்காத ஏதோ ஒண்ணு.

அடுத்தது பொருள் பட்டியல்ல என்ன பேர் போட்டிருக்குனு. ஹைட்ரலைஸ்டு கொலாஜன், கொலாஜன் ஹைட்ரலைசேட், கொலாஜன் பெப்டைட், மூணும் ஒண்ணு தான். வெறும் ஜெலட்டின்னு இருந்தா அது வேற, ஆட்டுக்கால் சூப்ப ஃபிரிட்ஜ்ல வெச்சா கட்டியாகுதே, அதுக்குக் காரணமே அந்த ஜெலட்டின் தான். இத இன்னும் சின்னச் சின்னத் துண்டா என்சைம் வெச்சு உடைச்சா தான் பெப்டைட். ஒரிஜினல் கொலாஜன் 3 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடைய சொல்ற அலகு) எடை, பெப்டைட் ஆனப்புறம் பொதுவா 2,000ல இருந்து 6,000 டால்டன். 

டைப் 1, டைப் 2, டைப் 3னு போட்டிருக்கிறத பாத்து மண்டைய உடைச்சுக்காதீங்க, துண்டு துண்டா உடைச்சப்புறம் அதுல பெரிய விஷயம் இல்ல. ஒரே ஒரு விதிவிலக்கு, உடைக்காத டைப் 2 கொலாஜன், அன்டினேச்சர்டு டைப் 2னு போட்டிருக்கும், மூட்டுக்குனு வர்ற கேப்சூல், அளவு 40 மில்லிகிராம் தான். அது வேலை செய்யிறதா சொல்ற விதமே வேற. "இதுல 40 மில்லிகிராம் தான் இருக்கு, அதுல 10 கிராம் இருக்கு, அதனால அது தான் லாபம்"னு ரெண்டையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது.

அப்புறம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு அமைப்பு) நம்பர், 14 இலக்கம். அந்த அமைப்போட இணையதளத்துல நம்பர போட்டா லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு, உயிரோட இருக்கானு வரும். வெளிநாட்டு சரக்குனா இங்க இறக்குமதி பண்ணவர் பேரும் விலாசமும் லைசென்ஸ் நம்பரும் இருக்கணும், அந்த ஸ்டிக்கர் இல்லனா அது சூட்கேஸ்ல வந்தது. ஆனா ஒண்ணு, லைசென்ஸ் இருக்குனா அந்தக் கம்பெனிக்கு உணவு தயாரிக்க அனுமதி இருக்குனு தான் அர்த்தம், பவுடர் வேலை செய்யும்னு அரசாங்கம் சொல்லிருச்சுனு அர்த்தமில்ல. அதே டப்பாலயே மருந்தா பயன்படுத்த இல்லனு சின்ன எழுத்துல இருக்கும் பாருங்க.

கடைசியா டெஸ்ட் ரிப்போர்ட். நல்ல கம்பெனினா பேட்ச் நம்பர சொல்லிக் கேட்டா ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் அளவு போட்ட ரிப்போர்ட் அனுப்புவாங்க. ரிப்போர்ட்ல இருக்கிற பேட்ச் நம்பரும் உங்க டப்பால இருக்கிறதும் ஒண்ணானு பாருங்க, என்.ஏ.பி.எல் (லேபுகளுக்கு தரச்சான்று குடுக்குற இந்திய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபானு பாருங்க. போட்டிகள்ல கலந்துக்கிறவங்க தடை செஞ்ச மருந்து கலந்திருக்கானு டெஸ்ட் பண்ணிக் குடுக்குற இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை இருக்கிறதா வாங்குங்க, ஏன்னா பவுடர்ல கலப்படம் இருந்து டெஸ்ட்ல மாட்டுனா "எனக்குத் தெரியாது"ங்கிற பதில் செல்லாது.

7. 12 வாரத்துக்கு எவ்ளோ ஆகும்னு இப்பவே கணக்கு போடுங்க

டப்பா விலைய பாக்காதீங்க, ஒரு நாள் விலைய பாருங்க. உதாரணத்துக்கு 250 கிராம் டப்பா 1,500 ரூபா, சர்விங் 12.5 கிராம், அதுல கொலாஜன் 10 கிராம்னு வெச்சுப்போம். 20 நாள் வரும், நாளைக்கு 75 ரூபா. 12 வாரம்னா 84 நாள், அஞ்சு டப்பா, 7,500 ரூபா.

இந்தக் கணக்க போடாம ஆரம்பிக்கிறவங்க தான் ஒரு டப்பாவோட நிறுத்திட்டு "ஒண்ணும் ஆகல"னு சொல்றாங்க. 20 நாள்ல எதுவும் ஆகாதுங்க, ஆராய்ச்சிலயே பெரும்பாலும் 8 வாரமாவது பாத்திருக்காங்க. 7,500 கையக் கடிக்கும்னா ஆரம்பிக்காம இருக்கிறதே நல்லது, அந்த 75 ரூபாய்க்கு சுமாரா பத்து முட்டை வரும்.

அதுக்காக அஞ்சு டப்பாவையும் மொத்தமா ஆஃபர்ல வாங்கிராதீங்க. முதல்ல ஒண்ணு. வயிறு ஏத்துக்கலனா மிச்சம் நாலு டப்பாவ யார் வாங்குவா. ரொம்ப தள்ளுபடில வர்றதுக்கு எக்ஸ்பைரி தேதி கிட்ட இருக்கும், அதையும் பாருங்க.

8. ஆரம்ப நிலைய பதிவு பண்ணுங்க

டப்பா திறக்கிற அன்னைக்கு காலைல செய்ய வேண்டியது. அப்புறம் செய்ய முடியாது.

தோலுக்குனா ஒரே ஜன்னல் பக்கம், ஒரே நேரம், முகம் கழுவி அரை மணி கழிச்சு, ஃபில்டர் இல்லாம, பியூட்டி மோட அணைச்சுட்டு மூணு போட்டோ, நேரா ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. நம்ம ஃபோன் நிறைய பேருக்கு கேக்காமலே தோல வழவழனு ஆக்கிரும், அத முதல்ல பாத்துக்கோங்க. எந்த மாசத்துல ஆரம்பிக்கிறீங்கங்கிறதும் முக்கியம். ஐப்பசி மழையில ஆரம்பிச்சு மார்கழிப் பனியில போட்டோ எடுத்தா பவுடர் நல்லா வேலை செஞ்சிருந்தா கூட தோல் வறண்டு தான் தெரியும், பங்குனில ஆரம்பிச்சு ஆனில பாத்தா வியர்வைல பளபளனு இருக்கும்.

மூட்டுக்குனா வலிய 0ல இருந்து 10க்குள்ள மார்க் போட்டு வாரம் ஒரு நாள் எழுதுங்க, தரையில உக்காந்து கையூனாம எந்திரிக்க முடியுதானும், மாடிப்படி இறங்கும்போது எப்படினும் எழுதுங்க. முக்கியமா அந்த வாரம் எத்தனை வலி மாத்திரை போட்டீங்கனு எழுதுங்க, அது இல்லாம வலி குறைஞ்சது பவுடரால தான்னு சொல்லவே முடியாது.

9. முதல் வாரம் பாதி அளவு, கலக்குற முறையோட

இலக்கு 10 கிராம்னா முதல் ஏழு நாள் 5 கிராம் தான். வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல், வாயில மீன் வாடை இதெல்லாம் வர்றவங்களுக்கு பெரும்பாலும் இந்த வாரத்துலயே தெரிஞ்சிரும். உடம்பு அரிச்சாலோ, உதடு தடிச்சாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க, "அளவ குறைச்சுப் பாக்கலாம்"னு யோசிக்காதீங்க.

அளவுக்கு ஸ்கூப்ப நம்பாதீங்க, சில பவுடர் பஞ்சு மாதிரி இருக்கும், சிலது இறுக்கமா இருக்கும். கிச்சன் தராசு இருந்தா முதல் நாள் ஒரு தடவ போட்டுப் பாத்து உங்க வீட்டு ஸ்பூன்ல எத்தனைனு தெரிஞ்சுக்கோங்க.

கலக்குறது இப்படி. டம்ளர்ல முதல்ல கால் பங்கு சாதா தண்ணி. அதுக்கு மேல பவுடர பரவலா தூவுங்க, ஒரே இடத்துல கொட்டாதீங்க. ஒரு நிமிஷம் அப்படியே விட்டா ஓரத்துல இருந்து நனைஞ்சு உள்ள இறங்கும். அப்புறம் ஃபோர்க்கால ஒரு சுத்து சுத்திட்டு மீதி தண்ணியோ மோரோ காப்பியோ ஊத்துங்க. நிறைய பேர் செய்யிறது இதுக்கு நேர் எதிரு, காலி டம்ளர்ல பவுடர கொட்டி மேல கொதிக்கிற டீய ஊத்துவாங்க, வெளிப்பக்கம் பசையாகி உள்ள காஞ்ச மாவோட உருண்டை உருண்டையா அடியில ஒட்டிக்கும், அத சுரண்டி எடுத்து கழுவுற தொட்டில போட்டுட்டு பாதி அளவு தான் குடிக்கிறோம்னு தெரியாமலே மாசக்கணக்கா ஓட்டுவாங்க.

சூடு பட்டா கொலாஜன் பெப்டைட் கெட்டுப்போகாது, ஏற்கனவே உடைஞ்சது தானே. ஆனா விட்டமின் சி கலந்த பவுடர்னா கொதிக்கிறதுல போடாதீங்க, அந்த விட்டமின் வீணாகும். வாடை பிடிக்கலனா எலுமிச்சை ஜூஸ் தான் நல்ல வழி, வாடையும் அடங்கும் விட்டமின் சியும் வரும். 

முதல் நாளே ஒரு சோதனையும் பண்ணிருங்க: 10 கிராம 150 மில்லி சூடான தண்ணில நல்லா கரைச்சு ராத்திரி ஃபிரிட்ஜ்ல வைங்க. காலைல தண்ணியாவே இருந்தா சரி. ஜெல்லியா நின்னா உங்களுக்கு வித்தது ஜெலட்டின்.

டப்பாக்குள்ள ஈர ஸ்பூன் போகக் கூடாது, அடுப்புப் பக்கத்துல வைக்கக் கூடாது, ஈரக்காத்து பட்டா கல்லாயிரும்.

10. எந்த நேரம்

வெறும் வயித்துல தான் குடிக்கணும், தூங்கப் போறப்ப தான் குடிக்கணும்னு ஆளாளுக்கு சொல்வாங்க, அதுக்கு நல்ல ஆதாரம் இல்ல. மறக்காத நேரம் எதுவோ அதுவே உங்க நேரம், பல் தேய்ச்சதும் காப்பியோட சேத்துட்டா மறக்காது.

தசைநாருக்காக எடுக்குற ஓட்டக்காரங்க மட்டும் கொஞ்சம் நேரம் பாக்கலாம். 2017ல வந்த ஒரு சின்ன ஆராய்ச்சில 15 கிராம் ஜெலட்டினோட விட்டமின் சி சேத்து, ஒரு மணி நேரம் கழிச்சு ஸ்கிப்பிங் ஆடவிட்டு பாத்ததுல கொலாஜன் உருவாகுற அறிகுறி ரத்தத்துல கூடுச்சு. பாத்தது எட்டே எட்டு பேர், அத மனசுல வெச்சுக்கோங்க.

11. நடுவுல செய்யக் கூடாதது

இந்த 12 வாரத்துல புது சீரம், புது மல்டிவிட்டமின், குளூட்டாதயோன், பயோட்டின்னு எதையும் சேக்காதீங்க. சேத்தா எது வேலை செஞ்சுதுனு தெரியாது, எது அலர்ஜி குடுத்துதுனும் தெரியாது.

பயோட்டின் பத்தி தனியா சொல்லியே ஆகணும். தோல் முடினு விக்கிற கொலாஜன் டப்பா நிறையத்துல இது கலந்து வருது. பயோட்டின் அதிகமா இருந்தா சில லேப் டெஸ்ட் தப்பா காட்டும், தைராய்டு ரிப்போர்ட் மாறி வரும், மாரடைப்புக்குப் பாக்குற டிரோபோனின் உண்மையில இருக்கிறத விட கம்மியா வரும். 2017லயே எஃப்.டி.ஏ இதுக்கு எச்சரிக்கை விட்டிருக்கு. அதனால ரத்த டெஸ்ட்டுக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்துங்க, டாக்டர்கிட்டயும் லேப்லயும் சொல்லிருங்க. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போனா கூட வர்றவங்க சொல்லணும், அதனால வீட்டுலயும் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டு நாள் மறந்துட்டா மூணாவது நாள் முப்பது கிராம் போட்டு ஈடு கட்டாதீங்க, விட்ட இடத்துல இருந்து தொடருங்க. முட்டிக்காக எடுக்குறவங்க பிசியோ சொன்ன தொடை பயிற்சிய விட்டுட்டு பவுடர மட்டும் பிடிச்சுக்காதீங்க, எடை குறைக்கிறதும் தொடைத் தசைய பலமாக்குறதும் தான் முட்டி தேய்மானத்துக்கு முதல் வைத்தியம்.

12. 12வது வாரம் முடிவு எடுங்க

அதே ஜன்னல், அதே நேரம், அதே மூணு போட்டோ. பழசையும் புதுசையும் தேதி சொல்லாம வீட்டுல இருக்கிற ரெண்டு பேர்கிட்ட தனித்தனியா காட்டி எது நல்லா இருக்குனு கேளுங்க. காசு போட்டது நாம, நம்ம கண்ணு நமக்கு சாதகமா தான் பாக்கும்.

மூட்டுக்குனா நோட்ட எடுத்து முதல் மூணு வாரத்து மார்க்கையும் கடைசி மூணு வாரத்து மார்க்கையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, வலி மாத்திரை எண்ணிக்கையோட சேத்து. கொஞ்சமாவது இறங்கியிருந்தா 24 வாரம் வரைக்கும் போலாம். துளி கூட மாறலனா நிறுத்துங்க.

மாற்றம் தெரியுதுனு தோணுறவங்களும் ஒரு நாலு வாரம் நிறுத்திப் பாருங்க, சாப்பாடு, சன்ஸ்கிரீன், பயிற்சி எல்லாத்தையும் அப்படியே வெச்சுக்கிட்டு பவுடர மட்டும் நிறுத்துங்க. நிறுத்தியும் அப்படியே இருந்தா அது 4வது படியில செஞ்ச வேலையோட பலன், மாசம் 2,000 ரூபாய்க்கு மேல மிச்சம். பழைய மாதிரி ஆச்சுனா மறுபடி ஆரம்பிக்கலாம், இந்தத் தடவை ஃபிளேவர் இல்லாத டப்பாவா வாங்குங்க, எப்படியும் வாடை பழகியிருக்கும், கிராமுக்கு விலையும் பெரும்பாலும் குறையும்.